குடித்தனக்காரர்கள் காலி செய்த பழைய வீடு: மெயினைப் போட்டுப் பார்க்கலாமா?

தாழ்வாரம்

வணக்கம். குடும்பச் சொத்தாக வந்த பழைய மாடி வீடு. அறை அறையாகப் பிரித்துப் பல வருடம் வாடகைக்கு விட்டிருந்தோம். கடைசியாக இருந்தவர்கள் காலி செய்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், சுவரை விட வயரிங்தான் அதிகம் அடிபட்டிருக்கிறது.

மின்விசிறி இருந்த இடங்களில் கம்பி தொங்குகிறது. சில நுனிகளில் டேப் சுற்றியிருக்கிறது, சிலவற்றில் செம்பு அப்படியே தெரிகிறது. பிளக் பாயின்ட்கள் சில கருகியிருக்கின்றன. மாடி அறையிலிருந்து ஜன்னல் வழியாகக் கீழறைக்கு ஒரு வயர் இறங்குகிறது. ஃபியூஸ் கட்டை ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக முறுக்கிய செம்பு நூல்கள். குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும் என்று முன்பு ஒரு குடித்தனக்காரர் சொன்னதாகவும் ஞாபகம். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெயின் இப்போது அணைத்திருக்கிறது. அதைப் போட்டு அறை அறையாக எது வேலை செய்கிறது என்று பார்க்கலாமா? முழு வயரிங்கையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா? இதற்கான செலவை முன்பணத்தில் கழிப்பது நியாயமா?

பட்டுன்னு_சொல்

இதுக்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை? மெயினைப் போடுங்க. எரியாததை மாத்துங்க, கருகினதைத் தூக்கிப் போடுங்க. ஃபியூஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு எம்.சி.பி. (அளவுக்கு மேல கரன்ட் போனா தானா விழுற ஸ்விட்ச்) போட்டா முடிஞ்சது.

மெகர்காரன்

அக்கா, தயவுசெய்து மெயினைப் போடாதீர்கள். தொங்கும் நுனிகளில் எது எங்கே போகிறது என்று தெரியாமல் மின்சாரம் விட்டால், வீடு முழுக்க எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்பதே தெரியாமல் போகும். உங்கள் ஃபியூஸில் முறுக்கிய நூல்கள் வேறு இருக்கின்றன. எங்காவது ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்கு முன்னால் சுவருக்குள் இருக்கும் வயர் உருகிவிடும்.

அந்த நூல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி என்பது 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயம் பூசிய செம்புக் கம்பி. 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர். சாதாரண வளையும் வயரைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ஒரு நூலே பல நேரம் 0.2 மில்லிமீட்டர்தான். அதில் பத்து நூலைச் சேர்த்து முறுக்கினால் கணக்கு நேராகப் பெருகாது, ஆனாலும் 5 ஆம்பியரை விட்டு எங்கேயோ போய்விடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று கட்டியிருப்பார்கள். அது ஏன் போனது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உரிமம் உள்ள ஒரு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அவர் என்ன வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கூட நின்று கவனியுங்கள்.

முதலில் கண்ணால் பார்ப்பது, மின்சாரம் இல்லாமல். ஒரு போர்டு விடாமல் மூடியைக் கழற்ற வேண்டும். திருகு தளர்ந்திருக்கிறதா, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, வயரின் தோல் இறுகி நொறுங்குகிறதா, ஒரே திருகில் நாலைந்து வயரைத் திணித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். பழைய ஃபியூஸ் கட்டைகளில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒரு பட்டை இருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்.

அப்புறம் மின்சாரம் இல்லாமலேயே அளவுகள். எர்த் வயர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வயரின் தோல் மின்சாரத்தைக் கசியவிடுகிறதா (இன்சுலேஷன்) என்பதை 500 வோல்ட் மெகர் என்ற கருவியில் அளப்பார். 230 வோல்ட் வீட்டுச் சுற்றுக்கு (சர்க்யூட்) ஐ.இ.சி. 60364 தரநிலை கேட்பது குறைந்தது 1 மெகா ஓம். இவை தேறிய சுற்றுகளுக்கு மட்டும், அதுவும் ஒவ்வொன்றாக, மின்சாரம் விட்டு மற்ற சோதனைகளைச் செய்வார்.

மீட்டரையும் அதன் சீலையும் நீங்களும் தொட வேண்டாம், அவரும் தொட வேண்டாம். சீல் அறுந்திருந்தால் அப்படியே படம் எடுத்து மின் விநியோகம் செய்பவர்களுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். நீங்களாகச் சரிசெய்யப் போனால் பழி உங்கள் மேல்தான் திரும்பும்.

ஓம்_விதி

மேலே நண்பர் சொன்ன வரிசையே சரி. ‘மெயினை அணைத்துவிட்டோம், இனிப் பயமில்லை’ என்ற நினைப்பைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை.

பழைய போர்டுகளில் மின்சாரம் வரும் ஃபேஸுக்கு ஒரு ஃபியூஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ் என்று இரண்டு இருக்கும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு எரியாது. ஆனால் ஹோல்டர் வரை ஃபேஸ் வந்து நிற்கும். ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே கதை. அறை அறையாக இணைப்பு பிரித்த வீடுகளில் பக்கத்து அறையின் மின்சாரம் இந்த அறைப் போர்டுக்குள் வந்திருப்பதும் உண்டு. உங்கள் வீட்டில் ஜன்னல் வழியாக இறங்கும் வயர் எந்த மீட்டரிலிருந்து வருகிறது? இரண்டு மீட்டர் இருந்தால், ஒன்றை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஸ்குரூடிரைவர் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பி யாரும் வயரைத் தொடக் கூடாது. அதன் நியான் விளக்கு நம் உடல் வழியாகப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் எரிகிறது. மர ஏணியில் நின்றாலோ தடித்த ரப்பர் செருப்பு போட்டிருந்தாலோ மின்சாரம் இருந்தும் எரியாமல் போகலாம். இரண்டு முனையுள்ள வோல்டேஜ் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடம். பிறகு மறுபடியும் முதல் இடம். நடுவில் கருவியே பழுதாகியிருந்தால் மூன்றாவது சோதனையில்தான் தெரியும்.

வாடகைவாசி

எல்லோரும் குடித்தனக்காரரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே! ஒரு அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட் கொடுத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் போட்டான் என்று திட்டினால் எப்படி? நான் இருந்த வீட்டில் மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. அந்தச் செம்பு நூலைக் கட்டியது முந்தைய எலக்ட்ரீஷியனாகக்கூட இருக்கலாமே. குழாயில் சுர்ரென்று அடிக்கிறது என்று ஒருவர் சொன்னபோது கவனிக்காதது யார்?

தாழ்வாரம்

உங்கள் கோபம் நியாயம்தான். யார் செய்தது என்று நிச்சயமாகத் தெரியாமல் யார் முன்பணத்திலும் கை வைக்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மெகர்காரன்

கொஞ்சம் கண்டுபிடிக்கலாம் அக்கா, முழுசாக முடியாது. போர்டு மூடியின் திருகைப் பாருங்கள். கடைசியாக வெள்ளையடித்தபோது விழுந்த பெயின்ட் திருகின் பள்ளத்தில் உடையாமல் இருந்தால், அதற்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. உள்ளே என்ன தப்பு இருந்தாலும் குடித்தனக்காரர் தலையில் போட முடியாது. நீங்கள் எப்போது பெயின்ட் அடித்தீர்கள், அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதை ஒப்பிட்டால் போதும்.

டேப்பும் பேசும். நாள்பட்ட டேப்பின் பசை வெளியே வழிந்து தூசி ஒட்டிக் கருத்திருக்கும். புதுசு பளபளவென்று இருக்கும். ஜங்ஷன் பாக்ஸில் எல்லா வயரும் ஒரே நிறத் தூசியோடு இருக்க, ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தால் அதுதான் பிற்பாடு வந்தது.

ஒன்று முக்கியம், மெகரும் மீட்டரும் எங்கே பழுது என்று சொல்லும், யார் செய்தது என்று சொல்லாது. அதனால் பழுதைச் சரிசெய்வதற்கு முன்னால் படம், வெட்டி எடுத்த துண்டுகள், பணியாளர் தேதியிட்டு எழுதிய அளவுகள் மூன்றையும் சேர்த்து வையுங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

புது_ஒயர்மேன்

தொழில் கற்றுக்கொண்டிருக்கிறேன், ஒரு சந்தேகம். இதே மாதிரி ஒரு வீட்டில் மெயின் போர்டில் மெகர் வைத்தோம். வீடு மொத்தத்துக்கும் 0.3 மெகா ஓம்தான் காட்டியது. அப்போது வயரிங் முழுவதும் போச்சு என்றுதானே அர்த்தம்?

ஓம்_விதி

அவசரப்படாதே தம்பி. போர்டில் வைத்து அளந்தால் எல்லாச் சுற்றுகளின் கசிவும் ஒன்றாகச் சேர்ந்து வருகிறது, ஏனென்றால் அவை எல்லாம் பக்க இணைப்பில் இருக்கின்றன. பத்துச் சுற்றுகள் தலா 10 மெகா ஓம் நன்றாக இருந்தாலும் சேர்த்து அளந்தால் 1 மெகா ஓம்தான் காட்டும். ஒன்று மட்டும் 0.3 ஆக இருந்து மற்ற ஒன்பதும் பிரமாதமாக இருந்தாலும் உனக்கு 0.3தான் வரும். ஆகவே சுற்றுகளைத் தனித்தனியாகப் பிரித்து அள. குறைவாக வருகிற சுற்றை நடு ஜங்ஷன் பாக்ஸில் இரண்டாக வெட்டு. எந்தப் பாதி மோசமோ அதை மறுபடி இரண்டாக்கு. சீக்கிரம் ஒரு சில அடி நீளத்துக்குள் வந்து நிற்பாய்.

அளப்பதற்கு முன் பல்பு, சார்ஜர், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றினாயா? எலக்ட்ரானிக் பொருள் எதையும் கழற்ற முடியாவிட்டால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு எதிராக மட்டும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொருளும் போகும், உன் அளவும் பொய்யாகும். இடி மின்னல் பாதுகாப்புக் கருவி இருந்தாலும் 500 வோல்ட்டில் அது கடத்த ஆரம்பித்து அளவைக் கீழே இழுத்துவிடும்.

பூட்டிக்கிடந்த வீட்டில் ஈரம் இருக்கும். ஜன்னலைத் திறந்து காயவிட்டு மறுபடி அளந்தால் சில சுற்றுகள் தானே தேறிவிடும்.

புது_ஒயர்மேன்

பல்பு கழற்றினோம். மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்றவில்லை. திரும்பப் போய் அளக்கிறோம். நன்றி ஐயா.

தாழ்வாரம்

உரிமம் உள்ள ஒருவரை அழைத்து முழுக்கப் பார்த்தாகிவிட்டது. எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்து சுருக்கமாக:

மாடியில் விளக்குச் சுற்று எர்த்துக்கு 0.05 மெகா ஓம். தேடிப் போனதில், அலமாரி மாட்டுவதற்காகச் சுவரில் அடித்த திருகு ஒன்று உள்ளே போகும் வயர்க் குழாயைத் துளைத்து வயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தத் துண்டைப் பிரித்தவுடன் மிச்சம் 200 மெகா ஓமுக்கு மேல் காட்டியது.

குளியலறை ஹீட்டருக்கு விளக்குச் சுற்றிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் வயரில் இணைப்பு எடுத்திருக்கிறார்கள். ஹீட்டர் 3 கிலோவாட். வயரின் தோல் வெந்து, வளைத்தால் உதிர்கிறது.

கீழ்த்தள பிளக் பாயின்ட் எதற்குமே எர்த் இல்லை. திருகுகளில் பெயின்ட் அப்படியே இருந்தது. எனவே அது எங்கள் வீட்டின் குறைதான். வாடகைவாசி நண்பரே, நீங்கள் சொன்னது சரி.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியான ஆர்.சி.சி.பி.யின் பின்பக்கம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் குட்டி வயர் போட்டு நேராக இணைத்திருக்கிறார்கள். அது இருந்தும் இல்லாத மாதிரிதான் இத்தனை நாள். இதை ஏன் ஒருவர் செய்வார் என்று எனக்குப் புரியவில்லை.

மாடியின் ஒரு பகுதியில் ரப்பர் தோலும் அதன் மேல் துணியும் சுற்றிய மிகப் பழைய வயர். கீழே பி.வி.சி.

ஓம்_விதி

அம்மா, ஆர்.சி.சி.பி.யை ஏன் ஒதுக்கினார்கள் என்பதற்கும் குழாயில் சுர்ரென்று அடித்ததற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கிறேன். ஏதோ ஓர் அறையில் நியூட்ரல் அறுந்திருக்கும். சுவரை உடைத்துப் பார்க்காமல் பக்கத்தில் கிடந்த எர்த்தையோ தண்ணீர்க் குழாயையோ நியூட்ரலாகப் பிடித்திருப்பார்கள். விளக்கு எரியும். ஆனால் போன மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்பாததால் ஆர்.சி.சி.பி. உடனே விழும். வீட்டில் பயன்படுத்துவது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே விழும் வகை. ஒரு சிறு பல்பு எடுக்கும் மின்னோட்டமே அதை எட்டிவிடும். ‘இது சும்மா சும்மா விழுகிறது’ என்று யாரோ அதையும் ஒதுக்கியிருப்பார்கள்.

எர்த் வழியாக மின்சாரம் திரும்பும் வீட்டில், அந்த எர்த் இணைப்பு எங்காவது தளர்ந்தால் போதும். அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் குழாய், ஹீட்டர் உடம்பு எல்லாவற்றிலும் அந்த பல்பின் வழியாகவே 230 வோல்ட் வந்து நிற்கும். சுர்ரென்ற அளவோடு போனது அதிர்ஷ்டம்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. தேறிய சுற்றுகளுக்கு மின்சாரம் விட்டு, லோடு போட்ட நிலையில் மெயின் எர்த் கம்பியில் கிளாம்ப் மீட்டரை (கம்பியைச் சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டச் சொல்லுங்கள். அங்கே சில மில்லி ஆம்பியர் காட்டுவது இயல்பு. ஒரு விளக்கைப் போடும்போது ஏறி அணைக்கும்போது இறங்கினால், அந்த விளக்குதான் எர்த்தில் திரும்புகிறது.

தாழ்வாரம்

அப்படியே சொன்னேன். மாடிப் படிக்கட்டு விளக்கு! போட்டால் கிளாம்ப் ஏறுகிறது. குழாயைச் சுற்றிய கம்பி ஒன்று சுவருக்குள் போவதைப் பிறகுதான் பார்த்தோம். பிரித்துவிட்டார்.

பட்டுன்னு_சொல்

சரி, இதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா ஃபியூஸுக்குப் பதில் எம்.சி.பி. போட்டா பாதுகாப்புதானே? அதுல என்ன தப்பு?

மெகர்காரன்

தப்பே இல்லை, ஆனால் அது பார்க்காத பழுதுகள் இருக்கின்றன. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16-ஐத் தாண்டியதும் விழும் என்று நினைக்கிறார்கள். தரநிலைப்படி 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். 23 ஆம்பியரில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அக்கா வீட்டு 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கிறது. 16 போட்டிருந்தால் அது விழவே விழாது, வயர் மட்டும் தினமும் வெந்துகொண்டிருக்கும். வயரின் அளவைப் பார்த்து எம்.சி.பி. போட வேண்டும், ஹீட்டரைப் பார்த்து அல்ல.

இன்னொன்று, தளர்ந்த திருகு. இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியிலேயே 10 வாட் வெப்பம். சின்ன சாலிடரிங் அயர்ன் ஒன்றை மூடிய பெட்டிக்குள் வைத்த மாதிரி. மின்னோட்டம் இரட்டித்தால் அது நாலு மடங்காகும். இதை எம்.சி.பி.யும் கண்டுகொள்ளாது, ஆர்.சி.சி.பி.யும் கண்டுகொள்ளாது, ஏனென்றால் ஓடும் அளவும் சரி, திரும்பும் அளவும் சரி. அந்தக் கருகிய சாக்கெட்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். புது சாக்கெட் மாட்டும் முன் வயர் நுனி பளபளக்கும் செம்பு தெரியும் வரை பின்னுக்கு வெட்டச் சொல்லுங்கள். கருத்த செம்பில் புதுத் திருகை முறுக்கினால் மறுபடி அதே சூடுதான்.

முழு வயரிங்கையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டீர்களே. கீழே பி.வி.சி. நன்றாக அளவு காட்டினால் எர்த் வயரை மட்டும் புதிதாக இழுத்து, அதையே வைத்துக்கொள்ளலாம். சிலர் எல்லாவற்றையும் உடைக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடியின் ரப்பர் வயர் விஷயம் வேறு. அசைக்காத வரை மெகரில் நல்ல அளவு காட்டும். போர்டை மாற்ற ஒருமுறை வளைத்தால் தோல் உதிர்ந்து செம்பு தெரியும். அதை அளந்து பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாமல் மாற்றிவிடுங்கள்.

புது ஆர்.சி.சி.பி. போடும்போது வீடு முழுவதையும் ஒன்றின் கீழ் வைக்க வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். பழைய வீட்டில் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கசிந்தாலே அங்கே வந்துவிடும். அடிக்கடி விழுந்தால் அடுத்து வருபவரும் குட்டி வயரைத் தேடுவார். மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று பிரித்துவிடுங்கள். அறைக்கு நாலைந்து சாக்கெட்டும் கொடுங்கள்.

வாடகைவாசி

அந்தக் கடைசி வரிக்காக உங்களுக்கு ஒரு கும்பிடு.

தாழ்வாரம்

பிளக் பாயின்ட்களைக் கூட்டச் சொல்லிவிட்டேன். செலவையும் மூன்றாகப் பிரித்திருக்கிறேன். சுவரில் அடித்த திருகு, பிடுங்கிய மின்விசிறி இணைப்புகள், ஹீட்டர் இணைப்பு ஆகியவை படத்தோடு அவர்கள் பங்கு. அதிலும் ஹீட்டரை நாங்கள் அனுமதித்தோமா என்று ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். எர்த் இல்லாததும் ரப்பர் வயரும் எங்கள் பங்கு. ஃபியூஸ் நூல், ஆர்.சி.சி.பி. குட்டி வயர், படிக்கட்டு விளக்கு ஆகிய மூன்றையும் யார் செய்தது என்று காட்ட எந்தத் தடயமும் இல்லை, நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

கடைசியாக ஒன்று. மாடியில் புது வயர் வேறு குழாயில் போகிறது. பழைய வயர் சுவருக்குள் அப்படியே கிடக்கட்டுமா?

ஓம்_விதி

இழுத்தால் வருகிறதென்றால் எடுத்துவிடுங்கள். வராததை இரண்டு முனையிலும் எல்லாப் போர்டுகளிலிருந்தும் பிரித்து, எட்டாதபடி சுவரோடு வெட்டி மூடச் சொல்லுங்கள். ஒரு முனையை மட்டும் விட்டு வைத்தால், ஒரு நாள் யாராவது ‘இதோ ஒரு வயர் சும்மா இருக்கிறதே’ என்று அதில் ஃபேஸைக் கொடுத்துவிடுவார்கள். எது எடுத்தது, எது உள்ளேயே விட்டது என்று ஒரு வரைபடம் போட்டு மெயின் போர்டின் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள்.